நீரோட்டம் திரும்புமுன்

படகின் பின்பக்கம் தாழ்வதைச் சந்திரமதி முதலில் காலால்தான் உணர்ந்தாள். சுக்கானைப் பிடித்து நின்றவளின் குதிகால் முன்பாதத்தைவிடக் கீழே இறங்கியிருந்தது.

சிங்கப்பூரின் தெற்கே புலாவ் ஹந்து தீவுக்கு அருகே நங்கூரம் போட்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது. முக்குளிக்க இறங்கிய நான்கு பேர் தண்ணீருக்கு அடியில் இருந்தார்கள்: வழிகாட்டி நிவேதிதா, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, வருடம் தவறாமல் வரும் சரத். அவர்கள் மேலே வர இன்னும் இருபது நிமிடம். அதற்குள் நீரோட்டம் திரும்பிவிடும். திரும்பினால், நங்கூரக் கயிற்றிலிருந்து பிடி நழுவியவர்களைக் கப்பல் போகும் வழிக்கே இழுத்துக்கொண்டு போகும். துரத்திப் போய்த் தூக்க ஓடுகிற படகு வேண்டும்.

"ரகுபதி, பின்னால திறந்து பாரு."

ரகுபதி பட்டுக்கோட்டைக்காரன். கப்பல் பட்டறை வேலையை விட்டு இந்தப் படகுக்கு வந்தவன். மூடியைத் தூக்கியவன் அப்படியே நின்றான்.

"அக்கா, முழங்கால் அளவு தண்ணி."

"பம்ப்?"

"சத்தமே இல்ல. சுரண்டின பெயின்ட் எல்லாம் போய் அடைச்சிருக்கு."

பம்ப் தண்ணீரை வெளியேற்றத்தான். ஆனால் தண்ணீர் எப்படி உள்ளே வந்தது? அதை யோசிக்கும்போதே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது.

டிசம்பர், ஜனவரி மழையில் படகு கரையேறி நிற்கும். மழைநீர் வடிய, பின்பலகையின் அடியிலிருக்கும் துளையின் பிளக்கைக் கழற்றிவிடுவார்கள். அவள் கணவர் ரத்னவேல் அந்தப் பிளக்கையும் என்ஜின் சாவியையும் ஒரே கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார். பிளக்கைக் கையில் எடுக்காமல் ஒருவரும் என்ஜினைக் கிளப்ப முடியாது. பதினோரு வருடம் அப்படித்தான் நடந்தது. போன ஜூனில் அவர் இறந்துவிட்டார். இந்த முறை சிப்பி சுரண்டியது, அடிக்குப் பெயின்ட் அடித்தது, துருப்பிடித்த போல்ட் மாற்றியது எல்லாம் அவள் பொறுப்பு. ஒன்றையும் விடவில்லை. நேற்று மாலை சாவியைப் பூசைக்குக் காத்தோங் செண்பக விநாயகர் கோயிலுக்குக் கொண்டுபோனாள். பிளக் முழுக்கக் கிரீஸ். பிள்ளையார் தட்டில் அதை வைக்க மனம் வரவில்லை. முடிச்சை அவிழ்த்து, பிளக்கைக் காரிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

காலையில் பட்டறையில் கிரேன் படகை இறக்கியபோது பம்ப் ஓடியது. வரும் வழியில் படகின் வேகமே அந்தத் துளை வழியாகத் தண்ணீரை வெளியே உறிஞ்சியது. நின்ற பிறகுதான் கடல் உள்ளே வந்திருக்கிறது.

அவள் ரேடியோவில் உதவி கேட்டாள். அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பேட்டரிப் பெட்டிக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இடைவெளி. பேட்டரி நனைந்தால் இரண்டு என்ஜினும் கிளம்பாது. இப்போதே கிளப்பலாம் என்றால், படகுக்கு அடியில் மூச்சுக் குமிழிகள் தெரிந்தன; என்ஜின் விசிறி அவர்களை வெட்டிவிடும்.

"உன் சட்டையக் கழட்டு."

"அக்கா, புதுச் சட்டை."

"கழட்டுடா."

சட்டையை ஒரு திருப்புளியில் சுற்றிக்கொண்டு குதித்தாள். பச்சைத் தண்ணீரில் கை கூடத் தெரியவில்லை. பலகையைத் தடவிக்கொண்டே போனாள். துளை அவள் விரலை உள்ளே இழுத்தது. துணியைத் திணித்தாள்; நழுவியது. மூச்சு வாங்க மேலே வந்து, மறுபடி போய், உள்ளங்கையால் அடித்து இறக்கினாள். இழுப்பு நின்றது. மேலே ரகுபதி வாளி வாளியாக இறைத்துக்கொண்டிருந்தான்.

நங்கூரக் கயிற்றருகே மூன்று தலைகள் எழும்பின.

"ஆன்ட்டி, நீங்க ஏன் தண்ணியில இருக்கீங்க?" என்றாள் நிவேதிதா.

"ஏறு. எல்லாரும் முன்னால போய் உட்காருங்க. பின்னால ஒருத்தரும் வரக்கூடாது. சரத் எங்க?"

"எனக்குப் பின்னாடிதான் கயிறைப் பிடிச்சுக்கிட்டு..." நிவேதிதா திரும்பிப் பார்த்தாள். கயிறு ஏற்கெனவே மறுபக்கம் சாய்ந்திருந்தது. நீரோட்டம் திரும்பிவிட்டது.

முந்நூறு மீட்டர் தள்ளி, சரத் தன் இடம் காட்ட ஊதிப் பிடித்த ஆரஞ்சு நிற மிதவை குத்திட்டு நின்றது. அதற்கு அப்பால், மணல் ஏற்றிய பார்ஜை ஓர் இழுவைப் படகு இழுத்து வந்துகொண்டிருந்தது.

சந்திரமதி ஏறிச் சாவியைத் திருப்பினாள். என்ஜின் ஒருமுறை இருமியது. மறுபடி திருப்பினாள். ஒன்றுமில்லை. பேட்டரிப் பெட்டியின் அடியைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு விலகியது. மூன்றாவது முறை இடது என்ஜின் பிடித்தது.

"நங்கூரக் கயிறை வெட்டு."

"இழுத்துடலாமே அக்கா?"

"வெட்டு."

படகு கனமாக நகர்ந்து, மெல்ல வேகம் எடுத்தது. ரகுபதி உள்ளிருந்து ஒரு கம்பியால் துணியைக் குத்தி வெளியே தள்ளினான். தேங்கிய தண்ணீர் வந்த வழியே போகத் தொடங்கியது. இழுவைப் படகு நீளமாக ஹாரன் அடித்தது. அதற்கும் மிதவைக்கும் நடுவே சந்திரமதி படகைக் குறுக்கே நுழைத்து நிறுத்தினாள். ரகுபதியும் நிவேதிதாவும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துச் சரத்தைத் தூக்கிப் போட்டார்கள். அவன் கால் உள்ளே வருவதற்குள் சந்திரமதி என்ஜினை முடுக்கிவிட்டாள். பார்ஜின் அலை பின்னாலிருந்து அறைந்தது.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இந்தோனேசியா பக்கம் பாத்தாம் போயிருப்பேன் லா," என்றான் சரத், மல்லாந்தபடி. "பாஸ்போர்ட் கூட கொண்டு வரல."

ஒருவரும் சிரிக்கவில்லை. "என்னதான் ஆச்சு?" என்று கேட்டாள் நிவேதிதா.

"பட்டறையில பிளக் போடாம இறக்கிட்டாங்க," ரகுபதி முந்திக்கொண்டான்.

"பட்டறைக்காரங்க இல்ல. நான்தான்," என்றாள் சந்திரமதி. "சாவியக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். கிரீஸா இருக்குன்னு பிளக்கக் கார்ல விட்டுட்டேன். காலையில அதைத் தேடவே இல்ல."

கல்யாண ஜோடி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். சரத் எழுந்து உட்கார்ந்தான்.

"அப்ப ரெண்டாவது டைவ்?" என்றான்.

"இல்ல. நேரா பட்டறைக்கு. நின்னா மறுபடி தண்ணி ஏறும். கிரேன் பெல்ட் அடியில வர்ற வரைக்கும் படகு நிக்காது. கெட்டியாப் பிடிச்சுக்கோங்க."

அவன் போய், முன்னால் மற்றவர்களோடு உட்கார்ந்தான்.