ஃப்ளஷ் சத்தம்

பட்டாபி அன்று காலையும் ஃப்ளஷை இழுத்துவிட்டார். வீட்டுக்குக் கேட்க வேண்டுமென்றுதான் இழுத்தார். மற்றபடி அந்தத் தண்ணீருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

"ஆச்சாப்பா?" என்று ஹாலிலிருந்து மருமகள் ஜ்யோத்ஸ்னா கேட்டாள்.

"ஆச்சு, ஆச்சு."

ஆகவில்லை. ஒரு வாரமாகவே ஆகவில்லை. முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கு மார்ஃபின் மாத்திரை ஆரம்பித்ததும் வலி அடங்கியது உண்மைதான். கூடவே குடலும் அடங்கிவிட்டது. உடம்பெல்லாம் நமைச்சல், வாய் வறட்சி, உட்கார்ந்தால் தூக்கம், படுத்தால் விழிப்பு. இதையெல்லாம் மருமகளிடம் தாராளமாகச் சொல்வார். வயிற்று விஷயத்துக்கு மட்டும் வாய் வரவில்லை. மந்திரி கேட்டதையே 'விதிப்படி முடியாது' என்று ஃபைலில் எழுதிய மனுஷர், இந்த ஒரு வார்த்தைக்குக் கூசிப் போனார். மனைவி அனந்தலக்ஷ்மி இருந்தவரை முகத்தைப் பார்த்தே கஷாயம் வைத்துவிடுவாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"மலம் போகவில்லை என்றால் உடனே சொல்லுங்கள், மலமிளக்கி சிரப்பைக் கூட்டலாம்" என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அப்படித்தான் சொல்வார்கள், பிறகு மாத்திரையில் கைவைப்பார்கள் என்று பட்டாபி நினைத்துக்கொண்டார். மாத்திரை நின்றால் அந்த முதுகு வலியோடு யார் மல்லுக்கட்டுவது? ஆகவே கீழ் ஃபிளாட் சந்திரசேகர் சொன்னபடி, தினமும் படுக்கப் போகும்போது ரகசியமாக மலச்சிக்கலுக்கான இசப்கோல் உமியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். வயிறு இன்னும் உப்பியதுதான் மிச்சம்.

வயிறு காலியாகி, குளித்த பிறகே பூஜை என்பது அவருடைய வாழ்நாள் வழக்கம். அன்றும் குளித்துவிட்டுப் பெருமாள் முன் நின்றார். பூவெடுக்கப் போன கை பின்வாங்கியது. மருமகளிடம் சொன்ன பொய்யைப் பெருமாளிடமும் சொல்வதாவது? வீட்டுக்குக் கேட்கும்படி மணியை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

உட்கார முடியவில்லை. ஹால், பால்கனி, மறுபடி ஹால். தூரத்தில் மயூர் விஹார் ஸ்டேஷனுக்குள் மெட்ரோ நுழைந்தது. மகன் அர்விந்த் இந்நேரம் ஆபீஸ் போயிருப்பான். நடந்துகொண்டிருக்கும்போதே வயிற்றை யாரோ முறுக்கிப் பிழிந்த மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஜ்யோத்ஸ்னா லேப்டாப்பை மூடிவிட்டு ஓடி வந்தாள்.

"வலிக்கறதாப்பா? முதுகா?"

"ம்."

"டாக்டர் சொன்ன எக்ஸ்ட்ரா டோஸ். ஜல்தி போட்டுக்கோங்கோ."

நேற்றும் இப்படித்தான். முதுகு என்றார், மாத்திரை வந்தது, வயிறு இன்னும் இறுகியது. இப்போது இன்னொரு மாத்திரை உள்ளங்கையில் இருக்கிறது. விழுங்கினால் மானம் தப்பும். உயிர் தப்புமா? குடல் வெடித்துச் சாகப் போகிறோம் என்று நிஜமாகவே பயந்தார். புற்றுநோய் என்று சொன்ன அன்றுகூட இப்படிப் பயப்படவில்லை.

"முதுகு இல்லைம்மா. வயிறு. ஒரு வாரமா ஆகலை."

"காலம்பற ஆச்சுன்னேளே. ஃப்ளஷ் சத்தம் கேட்டதே."

"சத்தம் மட்டுந்தான்."

அவள் சிரிக்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டாள். வாந்தி உண்டா, காற்று பிரிகிறதா, வேறு ஏதாவது சாப்பிட்டாரா என்று அவர் கேட்டதையெல்லாம் கூசாமல் இவரிடம் கேட்டாள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். இசப்கோலையும் ஒப்புக்கொண்டார்.

"குடல் தூங்கறச்சே இசப்கோல் உள்ளேயே சப்பாத்தி மாவாட்டம் ஒக்காந்துக்குமாம்ப்பா. அதை விட்டுடணுமாம். நர்ஸ் வந்து எனிமா குடுப்பா. அப்புறம் சிரப்பைக் கூட்டணும்."

"மாத்திரை?"

"நிறுத்த வேண்டாமாம். யாருப்பா நிறுத்தறதா சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, தானே அவதிப்பட்டாயிற்று. பட்டாபிக்கு அழுகை வந்தது.

நர்ஸ் தெரசா வந்து கதவைச் சாத்திக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அவள் கிளம்பிப் போகும்போது சாயங்காலமாகிவிட்டது. பட்டாபி மறுபடி குளித்துவிட்டு வந்தார். சமையலறையில் ஜ்யோத்ஸ்னா போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஹோ கயா, அர்விந்த். அப்பாவுக்கு ஆயிடுத்து." உடனே பெங்களூரில் இருக்கும் நாத்தனார் சுபாஷிணியைக் கூப்பிட்டு அவளுக்கும் அதே செய்தியைச் சொன்னாள்.

காலையில் கேட்டிருந்தால் பட்டாபி அவமானத்தில் செத்திருப்பார். இப்போது ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டபடியே விளக்கேற்றி, கை நிறையப் பூவை அள்ளிப் பெருமாள் பாதத்தில் போட்டார். மணியை ஆட்ட மறந்துவிட்டார்.