இடக்கைக்காரன் பூசிய சுவர்

வேலம்பாளையத்தில் பழைய சுவருக்கு ஒட்டுப்பூச்சு வேண்டுமென்றால் மொக்கைச்சாமியைத்தான் கூப்பிடுவார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பதினாறு வருஷம் ஆகிறது. புதுச் சுவர் பூச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பழைய சுவரில் பூசிய இடம் தெரியாமல் பூச அவரை விட்டால் ஆளில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு. அதுதான் கடைசியில் வினையாகிப் போனது.

கந்தப்பனின் பனியன் கம்பெனி ஒரு காலத்தில் பஞ்சுக் கிடங்காக இருந்த கட்டடம். மாடியில் போன வருஷம் ஆறு நிட்டிங் மெஷின்களை ஏற்றினார்கள். அவற்றுக்கான நூல் மூட்டைகள் கூரை தொடும்படி அடுக்கியிருக்கும். கீழே செக்கிங் செக்‌ஷன். மேற்குச் சுவரோரம் நீளமாக மேசைகளைப் போட்டு முப்பது பெண்கள் துணியில் ஓட்டை, கறை பார்ப்பார்கள். அவர்களில் ஒருத்தி மயிலாள், மொக்கைச்சாமியின் மனைவி.

அந்தச் சுவரில்தான், ஆள் உயரத்துக்கு மேலிருந்து இடுப்பு மட்டம்வரை, ஒரு வெடிப்பு விழுந்திருந்தது.

"ஏனுங்க மேஸ்திரி, அடுத்த வெள்ளிக்கெழம நம்ம துணிய வாங்கற பையர் ஆபீஸ்ல இருந்து ஆடிட்டுக்கு வர்றாங்க" என்றார் கந்தப்பன். "ஒட்டுப் போட்டதே தெரியக் கூடாதுங்க. ஆதி நாள்ல பூசுன மாதிரியே இருக்கோணும்."

மொக்கைச்சாமி உடனே பூசிவிடவில்லை. வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சிமென்ட் அப்பி ஒட்டினார். சுவர் சும்மா கிடந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். நகர்ந்தால் உடைந்துவிடும். மூன்றாம் நாள் காலை அது இரண்டாகக் கிடந்தது. யாராவது இடித்திருப்பார்கள் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு இன்னொன்று ஒட்டினார். அது ஒரே நாளில் போயிற்று. நேரே கந்தப்பனிடம் போனார்.

"மொதலாளி, இது மேப்பூச்சு வெடிப்பு இல்லய்யா. செவரே நகருது. மேல இருக்க பாரத்த எறக்கணும்."

"ஆர்டர் போயிரட்டுமுங்க, செவுத்தையே இடிச்சுக் கட்டிப்போடலாம். இப்போதைக்கு மூடிப்போடுங்க."

அந்த ஊரில் அவருக்கு வரும் வேலையில் பாதி கந்தப்பன் சொல்லி வருவது. சரிங்கய்யா என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

வேலையென்று இறங்கிவிட்டால் மொக்கைச்சாமிக்கு மற்றது மறந்துவிடும். சுண்ணாம்பைச் சலித்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் குழைத்து, பழைய பூச்சில் இருந்தது போன்ற ஆற்று மணலை எங்கெங்கோ தேடிப் பிடித்துக் கலந்தார். டார்ச் வெளிச்சத்தைச் சுவரோடு சாய்த்து அடித்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. மட்டப்பலகை தேய்த்த சுழிகள் எல்லாம் எதிர்ப்பக்கமாக ஓடின. எந்தக் காலத்திலோ அதைப் பூசியவன் இடக்கைக்காரன். மொக்கைச்சாமியும் பலகையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். தோள்பட்டை கழன்று விழுகிற வலி. சுழி சுழியாகத் தேய்த்து, ஓரங்களை ஈரச் சாக்கால் ஒற்றி எடுத்து, காய்ந்தபின் சுவர் முழுக்க வெள்ளை அடித்தார். பத்தடி தள்ளி நின்று பார்த்தார். வெடிப்பு இருந்த இடம் அவர் கண்ணுக்கே தெரியவில்லை.

மனம் குளிரச் சந்தோஷப்பட்டார். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது. சுவர் நகர்வது நிற்கவில்லை, அது வெளியே தெரிகிற வழியைத்தான் அவர் அடைத்திருக்கிறார். அந்தச் சுவரடியில்தான் அவர் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் காலை மயிலாள் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மயிலு, ஒரு வாரம் லீவு போடு."

"எதுக்கு?"

"அந்தச் செவரு எனக்குப் பிடிக்கல."

அவள் சிரித்தாள். "நீ பூசின செவரு விழுந்துருமாக்கும்? அங்க எல்லாப் பிள்ளைகளும் என்ன சொல்லுதுக தெரியுமா? உன் வீட்டுக்காரரு கைய என்னன்னு சொல்றதுன்னு கேக்குதுக. போய்யா, பொழுதாச்சு."

கண்ணாடி உடைந்த கதையைச் சொல்லியிருக்கலாம். தெரிந்தேதான் மூடினேன் என்று சொல்ல வேண்டியிருக்குமே. அதற்குப் பிறகு நான்கு நாள் அவருக்குத் தூக்கமில்லை. ஐந்தரைக்கு ஷிப்ட் விடும் நேரம் கம்பெனி வாசலில் போய் நிற்பார். மயிலாள் முகம் தெரிந்த பிறகுதான் மூச்சு வரும்.

வெள்ளிக்கிழமை, ஏதாவது பூச்சு உதிர்ந்தால் சரிசெய்ய இருக்கட்டும் என்று அவரையும் வரச் சொன்னார்கள். ஆடிட்டுக்கு வந்த அம்மாள் சின்ன வயசுதான். கையில் டேப்லெட். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மேற்குச் சுவருக்கு வந்தாள். உள்ளங்கையால் தடவினாள்.

"பழைய கட்டடம்னாலும் நல்லா வச்சிருக்கீங்க சார்."

"ஆமாங்க மேடம், அந்தக் காலத்துச் சுண்ணாம்பு வேலைங்க" என்றார் கந்தப்பன்.

அவள் விரல் டேப்லெட்டில் எதையோ தொட்டது. அவ்வளவுதான், சுவர் பாஸாகிவிட்டது என்று மொக்கைச்சாமிக்குப் புரிந்தது. சுவரோரம் குனிந்த தலைகள் வரிசையாக இருந்தன.

"அம்மா, அந்தச் செவர நம்பாதீங்க" என்று கத்தினார். "உள்ள வெடிச்சிருக்கு. நாந்தான் பூசி மறைச்சேன்."

கந்தப்பனின் முகம் சிவந்தது. "மேடம், காலைலயே தண்ணியப் போட்டுட்டு வந்துட்டாருங்க."

மொக்கைச்சாமி பையிலிருந்த சுத்தியலை எடுத்தார். சுவிட்ச் போர்டுக்கு இரண்டு முழம் தெற்கே என்று அடையாளம் வைத்திருந்தார். ஓங்கி அடித்தார். வெடிப்பில்லாத முழுச் செங்கல். தள்ளி அடித்தார். அதுவும் முழுச் செங்கல். அப்போதுதான் கவனித்தார், ஆடிட்டுக்காக வயரிங்கையே புதிதாக இழுத்துப் போர்டையும் வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். கன்னத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தார். எங்கு பார்த்தாலும் அதே சுழி, அதே வெள்ளை. முப்பது பேர் பார்க்க, தன் வேலையைத் தானே கண்டுபிடிக்க முடியாமல் பைத்தியக்காரனாக நின்றார். செக்யூரிட்டி வந்து அவர் தோளைப் பிடித்தான்.

"விடுங்க அவர." மயிலாள் எழுந்துவிட்டாள். "அங்க இல்லய்யா. இங்க. என் தலைக்கு மேல."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"முந்தாநேத்து மயிரு கணக்கா ஒரு கோடு விழுந்துச்சு" என்றாள். "பூச்சு நிக்கலன்னு உன்னைய யாரும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதுன்னு, துணியில குறி போடுற சாக்பீஸ வச்சுத் தேய்ச்சு மூடிவிட்டேன். மறுக்கா விழுந்துச்சு, மறுக்காத் தேய்ச்சேன். இன்னைக்குக் காலையில மூணு தடவ."

மொக்கைச்சாமி அவள் மேசையின் மேல் ஏறி, அவள் விரல் காட்டிய இடத்தில் தட்டினார். ஓங்கி அடிக்கவே வேண்டியிருக்கவில்லை. பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து துணிகளின் மேல் விழுந்தது. அவர் பூசும்போது விரல் நகம் மட்டும் நுழைந்த வெடிப்பு அது. இப்போது அவர் கை மணிக்கட்டுவரை உள்ளே போனது. விரல் நுனியில் வெளிக்காற்று பட்டது.

ஆடிட் அம்மாள் சத்தம் போட்டாள். "மேல மெஷினை நிறுத்துங்க. எல்லாரும் வெளிய போங்க, ஓடாதீங்க, வரிசையாப் போங்க." கந்தப்பன்தான் முதலில் வெளியே போனார்.

மொக்கைச்சாமி இன்னும் மேசை மேலேயே நின்றார். மயிலாள் கீழே நின்று கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்தார். ஐந்து விரலிலும் சாக்பீஸ் மாவு அப்பியிருந்தது. ரெண்டு பேருமாகச் சேர்ந்து முப்பது பேரைக் கொல்லப் பார்த்தோமே என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"நட, நட" என்று அவள் அவரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.