சூடு பிடித்த புல்

அன்று காலை பத்து மணிக்கு என் தம்பி கொட்டகை வாசலில் உட்கார்ந்து அறுந்த செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"புதுசு வாங்கினா குறைஞ்சா போயிடுவே?" என்றேன்.

"நான் குறைய மாட்டேன். உன் வாய்தான் என்னைக்கும் குறையாது."

நாங்கள் இருவரும் சேர்ந்து நாற்பது ஏக்கரில் மாட்டுப் புல் வளர்த்து, காயவைத்து, கட்டு கட்டி விற்றுவந்தோம். அவனுக்கு நாற்பத்திரண்டு வயது, எனக்கு மூன்று கூட. அந்த வருடம் இரண்டாம் அறுப்பு தரையில் கிடந்தபோது ஒன்பது நாள் விடாத தூறல். ஆற்றுக்கு அந்தப் பக்கத்தார் புல் கறுத்து மட்கிவிட்டது. சந்தையில் கட்டு நூற்றிருபது ரூபாயிலிருந்து நூற்றுத் தொண்ணூறுக்கு ஏறியது. மேட்டு நிலங்களில் அறுப்பு முடியவில்லை. அந்தப் புல் வந்து இறங்கினால் விலை விழும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குள் விற்றுவிட வேண்டும் என்று தம்பி துடித்தான்.

வெயில் வந்த மூன்றாம் நாளே கட்டினோம். ஒரு பிடி புல்லை முறுக்கிப் பார்ப்போம். படக்கென்று ஒடிந்தால் காய்ந்ததாகக் கணக்கு. இலை ஒடிந்தது. தண்டின் கணுவில் ஈரம் இருக்கிறதா என்று நகத்தால் கீறியும் பார்க்க வேண்டும். நான் கீறவில்லை. "போதும், கட்டலாம்" என்று சொன்னது நான்தான்.

கட்டுகளைக் கொட்டகையில் போராக அடுக்கிய பன்னிரண்டாம் நாள், அவன் செருப்புத் தைத்த அன்று, கொட்டகைக்குள் கருகிய சர்க்கரை வாசனை. ஈரப் புல்லை நெருக்கி அடுக்கினால் உள்ளுக்குள்ளேயே வெந்து தானாகத் தீப்பிடிக்கும். உடனே போரைப் பிரித்தால் தப்பிக்கலாம். ஆனால் பழுப்பேறிய கட்டுகள் வெளியே கிடந்தால் வாங்குபவர் கண்ணில் படும்.

"பிரிச்சிடலாம்டா."

"நாளைக்கு லாரி வருதுக்கா. முதல்ல கம்பி விட்டுச் சூடு பார்க்கிறேன்."

"தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடறேன்."

"கூப்பிட்டா ஊர் பூரா தெரிஞ்சிடும். அப்புறம் நம்ம புல்லை மாடுதான் நேர்ல வந்து வாங்கணும்."

சிரித்துவிட்டேன். அதையே அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

சூடேறிய போரின் மேல் பலகை போடாமல் கால் வைக்கக் கூடாது. உள்ளே கரிந்து குழி விழுந்திருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. அதனால் பலகை போட்டான். இடுப்பில் கட்டிய கயிற்றை உத்தரத்தின் மேலாகப் போட்டு மறுமுனையை என்னிடம் கொடுத்தான். ஆறடிக் கம்பியை ஓரத்தில் இறக்கி, காத்திருந்து, உருவித் தொட்டான்.

"வெதுவெதுன்னு இருக்கு."

நடுவில் இறக்கினான். இந்த முறை தொட்டவுடன் கையை உதறினான்.

"கை வைக்க முடியலைக்கா."

"இறங்கு. இப்பவே இறங்கு."

என் போன் அடித்தது. எங்கள் புல்லை விற்றுத்தரும் தரகர்.

"எடு, எடு. விலை சொல்லத்தான் கூப்பிடறார்."

"நீ இறங்கு முதல்ல."

"எடுக்கா! அந்தக் கடைசி மூலை ஒண்ணுதான் பாக்கி."

கயிற்றைத் தூணில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனை எடுத்தேன். தகரக் கூரையில் காற்று இரைந்தது. தரகர் பேசுவது கேட்கவில்லை. வாசல் பக்கம் நான்கு எட்டு நடந்தேன்.

"அம்மா, நூத்தித் தொண்ணூத்தஞ்சு வரைக்கும் பேசி வச்சிருக்கேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பலகையை நகர்த்துவதற்காக அவன் அதைவிட்டு இறங்கியிருக்க வேண்டும், கயிறு என் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில். அலறல் கேட்கவில்லை. பலகை சரிந்த சத்தமும் உத்தரத்தில் கயிறு சரசரவென்று ஓடிய சத்தமும்தான். ஒரு சுற்று தாங்கவில்லை. ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தேன். முதலில் கனமாக இருந்தது. குழிக்குள் காற்று புகுந்ததும் புகை நெருப்பாக எழுந்தது. பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே இழுத்தேன். பிறகு கயிறு கனமில்லாமல் வந்தது. அதன் முனை கருகியிருந்தது.

கீழே கிடந்த போனில் தரகர், "அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அவர் துக்கம் விசாரிக்க வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேட்டு நிலத்துப் புல் வந்துவிட்டதா என்று நான்தான் கேட்டேன்.

"வந்துடுச்சும்மா. முப்பது லோடு."

"விலை?"

தொப்பியை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"இறங்கலைம்மா. அதே நூத்தித் தொண்ணூறுதான்."

குளிர்காலம் முடியும்வரை அதுதான் விலை.