கண்ணாடி மாதிரி தண்ணீர்

தெருக்கோடித் தண்ணீர்க் கொட்டகையில் அம்மாவின் தம்பிக்கு வேலை. பள்ளிக்கூடத்தை விட்டபின் நானும் மாமாவோடு அங்கேதான். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், எலும்பை வளைத்துவிடும். அதை எடுக்க, தொட்டிக்குள் வரிசையாகத் தொங்கும் அலுமினியத் தகடுகளில் மின்சாரம் விடுவோம். தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெள்ளைப் பஞ்சாகத் திரளும். அந்தப் பஞ்சுதான் ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்டு படியும். வடிதுணியில் சேரும் சேற்றைச் சுரண்டுவது என் வேலை.

தங்கைக்கு நாலு வயது. கால்கள் வெளிப்பக்கமாக வளையத் தொடங்கியிருந்தன.

"இப்பவே நல்ல தண்ணி குடுத்தா நிமிர வாய்ப்பிருக்கு. விட்டா கஷ்டம்," என்றார் டாக்டர்.

துணியையும் தாண்டிச் சில நாள் குடத்தில் பஞ்சு மிதக்கும். தெரு சும்மா விடுமா?

"தண்ணி கேட்டா சோப்பு நுரையக் குடுக்கறியேப்பா," என்றாள் தையல்கார அக்கா.

"துணி தொவைக்க ஆச்சுல்லக்கா."

சிரித்துச் சொன்னாலும் மாமாவுக்கு உறுத்தியது. மறுநாள் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் கால் பங்குக்கு இறக்கிவிட்டார். பஞ்சு நின்றது. தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது.

"இப்பதாம்ப்பா உனக்குக் கை வந்திருக்கு," என்றாள் அதே அக்கா.

வடிதுணி வெறுமையாகக் கிடந்தது. துணியில் ஒன்றும் தங்கவில்லை என்றால் ஃபுளோரைடு எல்லாம் குடத்துக்குத்தான் போகிறது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். சுரண்டும் வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன். பதினொரு மாதம் அதைத்தான் தங்கைக்கு ஊற்றிக் கொடுத்தேன்.

சோதனைக்கு வந்தவர் ஆழ்குழாய்த் தண்ணீரையும் எங்கள் தண்ணீரையும் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான். மெஷின் பேருக்குத்தான் ஓடுது," என்றார்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "இனிமே தண்ணியால ஆகறது ஒண்ணுமில்லம்மா."

"ஆபரேசன் பண்ணினா?" என்றாள் அம்மா.

"இந்த எலும்பு தாங்காது."

மாமா குமிழைப் பழையபடி ஏற்றினார். பஞ்சு வந்தது. தெருவே எங்களைத் தாண்டிப்போய் ஆழ்குழாயில் பிடித்தது.

"எடுத்துச் சொல்லுங்களேன், மாமா."

"சொல்லிட்டேன். நல்லா இருந்ததக் கெடுத்துட்டேன்னு ஏசறாங்க."

வீட்டில் தங்கை சுவரைப் பிடித்தபடி வந்து டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுல குப்பை இருக்குக்கா. அந்த நல்ல தண்ணி குடு."

"இதாண்டி நல்லது. ஒரு வாய் குடிடி, கண்ணு."

குடித்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தேதான் கெஞ்சினேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.