பிளோட்வென் போட்ட தும்மல்

பூனை தும்மியது. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த எம்லின் பழக்க தோஷத்தில் "நல்லாயிரு" என்று சொல்லிவிட்டு, சொன்ன வேகத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டான். அடுப்பருகே நின்ற மனைவி நெரிஸ் திரும்பினாள்.

"யாரு தும்மினது?"

"நான்தான்."

"உன் தும்மலுக்குக் கூரையே எந்திரிச்சு உக்காரும். இது பூனைத் தும்மல்."

"அப்ப யாரும் தும்மல. நீயும் கேக்கல, நானும் கேக்கல."

பூனை பிளோட்வென்னுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. முதல் இரண்டு வாரத்துக்குள் எந்த நோய் தலைகாட்டினாலும் அதைப் பழைய நோய் என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் அந்த நோய்க்கு ஆயுசுக்கும் ஒரு காசு பெயராது. ஆகவே அபர்டேர் ஊரின் அந்தச் சின்ன வீட்டில், அந்தச் செம்பட்டைப் பூனைக்கு நோய் வருவதற்கே தடை போட்டிருந்தார்கள்.

எந்தக் காப்பீடு என்று முடிவு செய்வதற்குள் நெரிஸுக்குக் கண் பூத்துப்போனது. விலை குறைந்தது விபத்துக்கு மட்டும் கொடுக்கும். நடுவில் இருப்பது எந்த நோயையும் ஒரு வருடம் தாங்கிவிட்டுக் கையை விரித்துவிடும். விலை கூடியதுதான் கடைசி மூச்சு வரைக்கும் கூட வரும். "அதுக்குப் பேசாம மாசாமாசம் ஒரு டப்பாவுல போட்டு வை" என்றாள் அவள் அக்கா. எம்லின் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. "விலை கூடினதையே போடு" என்று சொல்லிவிட்டுப் பள்ளிப் பேருந்து ஓட்டப் போய்விட்டான். நெரிஸ் ஏன் என்று கேட்கவில்லை. போன பூனை பெர்த்தாவுக்குச் சிறுநீரகம் கெட்டபோது மருத்துவமனை சொன்ன தொகையைக் கேட்டு, இருவரும் காருக்குள் உட்கார்ந்து அழுதுவிட்டு, அதைக் கருணை ஊசிக்கு ஒப்படைத்துவிட்டு வெறும் கூடையோடு வீடு திரும்பியவர்கள். அந்தக் கூடை இரண்டு வருடம் பரணில் கிடந்தது.

வீட்டில் ஜன்னல்கள் மூடப்பட்டன. பக்கத்து வீட்டு குவிலிமின் நாய்க்கு வாசல் வரை வர அனுமதி இல்லை. இதெல்லாம் சுலபம். பெரிய ஆபத்து நெரிஸின் நாக்குதான். அவள் வேலை பார்க்கும் பேக்கரிக்குத் தினமும் காலையில் ரொட்டி வாங்க வருபவள் வேறு யாருமல்ல, மிருக வைத்தியர் லவ்ரி. அவள் காதில் ஒரு தும்மல் விழுந்தாலும் அது பூனையின் பதிவேட்டில் ஏறிக் காப்பீட்டுக்காரர்களிடம் போய்விடும். ஊர்க்கதை முழுவதையும் ரொட்டியோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் நெரிஸ், அந்த நாட்களில் மட்டும் ஊமையாகிப் போனாள்.

"பிளோட்வென் எப்படி இருக்கா?"

"கல்லு மாதிரி இருக்கா டாக்டர். வெள்ளை ரொட்டியா, கோதுமையா?"

ஒரு வழியாகக் கடைசி நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. மதியம் சுட்ட கோழி சாப்பிட்டு முடித்தபோது பூனையைக் காணவில்லை. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. பெர்த்தாவும் அதே மூலையில்தான் போய் ஒளிந்தது.

"ஒரே ஒரு ராத்திரிதான், எம்லின்" என்றாள் நெரிஸ். "நாளைக்குக் காலையில போனா எல்லாத்துக்கும் அவங்க குடுப்பாங்க. இப்பப் போனா, என்னன்னு எழுதுறாங்களோ அதுக்குக் காலம் பூரா நாமதான். மறுபடியும் அந்தக் காருக்குள்ள உக்கார என்னால முடியாது."

எம்லின் தரையில் படுத்துப் பூனையின் கண்ணைப் பார்த்தான்.

"இதுக்கு ஞாயிறு, திங்கள்லாம் தெரியாது நெரிஸ். வலிக்கிறது மட்டும்தான் தெரியும்."

அவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு திரும்பியபோது, நெரிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுச் செருப்போடு வாசலில் நின்றாள். கையில் கூடை இருந்தது.

"என்ன பாத்துட்டு நிக்கிற? சாவிய எடு!"

ஞாயிறென்றும் பாராமல் மருத்துவமனைக்கு வந்த லவ்ரி, பூனையின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தாள். பிறகு இடுக்கியை உள்ளே விட்டாள். 'டக்' என்று ஒரு சத்தம். மேலண்ணத்தில் குறுக்காகச் சிக்கியிருந்த சின்னக் கோழி எலும்பு தட்டில் விழுந்தது. பிளோட்வென் நாக்கை இரண்டு முறை சுழற்றிவிட்டு, அறையிலிருந்த எல்லோரையும் கேவலமாகப் பார்த்தது.

"இதை யாரு குடுத்தது?" என்றாள் லவ்ரி.

எம்லின் கூரையைப் பார்த்தான்.

"பாவமா பாத்துச்சு" என்றான். "எலும்ப எடுத்துட்டுத்தான் குடுத்தேன்."

"ரெண்டு வாரமா நான் பேச்ச அடக்கிட்டுக் கிடக்கேன்! உன்னால உன் கைய அடக்க முடியல?"

"சண்டை போடாதீங்க" என்றாள் லவ்ரி. "இது நோயே இல்ல, விபத்து. விபத்துக்கெல்லாம் ரெண்டு, மூணு நாள்லயே காப்பீடு ஆரம்பிச்சிடும். படிக்கலையா?"

படித்துப் படித்துக் கண் பூத்த நெரிஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அடங்காமல் கண்ணில் நீர் வந்தது. அடைத்து வைத்திருந்ததெல்லாம் அதோடு சேர்ந்து உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

"டாக்டர், போன செவ்வாய்க்கிழமை இது ஒரு தும்மல் வேற போட்டுச்சு!"

"நெரிஸ்!" என்று கத்தினான் எம்லின்.

லவ்ரியின் விரல்கள் கணினிமேல் நின்றன.

"இன்னைக்குக் காலையில நானும்தான் தும்மினேன்" என்றாள் அவள். "அதையும் எழுதணுமா?"

மறுநாள் காலையில் எம்லின் முதல் வேலையாக அடுப்படி ஜன்னலைத் திறந்தான். குளிர்ந்த காற்றும் குவிலிம் வீட்டுப் பன்றியிறைச்சி பொரியும் வாசனையும் சேர்ந்தே உள்ளே வந்தன. பிளோட்வென் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, மூக்கைத் தூக்கி, ஊரே கேட்கும்படி ஒரு தும்மல் போட்டது.

"நல்லாயிரு!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"நல்லாயிரு!" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குவிலிமும் சொன்னார். பிளோட்வென் யாரையும் திரும்பிப் பார்க்காமல், வாலைக் கொடிபோலத் தூக்கிக்கொண்டு, வாசனை வந்த திசையில் சுவரேறிக் குதித்தது.