கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கருப்பு

பிள்ளையார்பாளையத்தில் கைலாசத்தைப் போல ஒழுங்கான பையனைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். வெற்றிலை போடமாட்டான், சீட்டாடமாட்டான், சினிமாவுக்குப் போனால்கூட அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவான். ஆனால் இதெல்லாம் அவனைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். தெரியாதவர்கள் பார்த்ததெல்லாம் அவன் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைத்தான். யாரோ மையைத் தொட்டுப் பெருவிரலால் இழுத்துவிட்ட மாதிரி இரண்டு பக்கமும் இருக்கும். செத்துப்போன அம்மாவிடமிருந்து வந்தது அது. அந்த அம்மாள் விட்டுப்போனதில் மகள் கலாவதிக்கு மூக்குத்தி கிடைத்தது, மகனுக்கு இது கிடைத்தது.

ஒரு காலத்தில் இதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. நாளெல்லாம் கண்ணைச் சுருக்கி ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குக் கண் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். சர்க்கார் மதுவிலக்கை எடுத்துவிட்டு ஊருக்கு ஊர் சாராயக்கடை திறந்த பிறகுதான் வம்பு வந்தது. பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் நெசவைப் பார்ப்பதற்கு முன்னால், குடிக்கிறவனா என்று கண்ணைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வாலாஜாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் காபியைக் குடித்து, கேசரியையும் தின்றுவிட்டு, பையன் கண்ணு சரியில்லை என்று தரகரிடம் சொல்லி அனுப்பியது. கேசரி சரியாக இருந்ததா என்று கலாவதி பதிலுக்குக் கேட்டு அனுப்பினாள்.

கைலாசம் அதற்கெல்லாம் வருத்தப்படவில்லை. அவன் மனசு அதற்கு முன்பே ஆரணிக்குப் போய்விட்டிருந்தது. பங்குனி உத்திரத்தன்று ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் நீர்மோர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு பெண் டம்ளரை நீட்டினாள். ஊற்றினான். டம்ளர் நிரம்பியது. அவன் ஊற்றிக்கொண்டே இருந்தான். மோர் வழிந்து அவன் காலையே நனைத்தபோது, "போதும், ரொம்பிடுச்சு" என்று சொல்லிவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேர் வடிவு, ஆரணி மாணிக்கவாசகத்தின் இரண்டாவது பெண், பட்டுத்தறிக் குடும்பம்தான் என்பதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொள்ள அவனுக்குப் பல மாதம் பிடித்தது. ஒழுங்கான பையன்கள் இந்த விஷயங்களில் மெதுவாகத்தான் இருப்பார்கள்.

தரகர் போனார், வந்தார். ஜாதகம் பொருந்தியது. மாணிக்கவாசகம் வருகிற வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். கூடவே இன்னொரு சேதியும் வந்தது. மூத்த பெண் தையல்நாயகியை அவர் ஒரு நல்ல நெசவாளிக்குத்தான் கொடுத்தார். அவன் இப்போது காலையில் எழுந்ததும் சாராயக்கடைக்குப் போகிறான், தறியில் தூசி படிந்து கிடக்கிறது. இன்னொரு குடிகாரனுக்குக் கொடுப்பதைவிட வடிவை வீட்டிலேயே வைத்துக்கொள்வேன் என்று அந்த மனுஷர் சொல்லியிருக்கிறாராம். இதைக் கேட்டதும் கைலாசம் கண்ணாடியைத் தேடிப் போனான்.

அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த கலாவதி சேதி கேட்டு வந்தாள். தம்பியின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடா இது, வரவர ஜாஸ்தியாயிக்கினே போவுது."

"கவலப்பட்டா ஜாஸ்தியாவுதுக்கா."

"கவலப்படாத."

"அத நெனச்சா இன்னும் கவலயா இருக்குது."

வேணுகோபாலிடம் போ என்று அவள்தான் யோசனை சொன்னாள். வேணுகோபால் கைலாசத்தின் சிநேகிதன். பகலில் சைக்கிள் கடை, திருவிழா நாடகங்களில் ராணி வேஷம். மீசையை எடுத்துவிட்டு அவன் மேடையேறினால் முன்வரிசைப் பெண்களே கொஞ்சம் பொறாமைப்படுவார்கள். அவனிடம் வேஷத்துக்குப் பூசும் பான்கேக் டப்பா ஒன்று இருந்தது. தோல் நிறத்தில் வட்டமாகக் கட்டியாக இருக்கும். ஈரப் பஞ்சால் தொட்டுப் பூசினால் அம்மைத் தழும்புகூட மறைந்துவிடும்.

"இது ராணியோட மூஞ்சி, பத்திரமா எடுத்துக்கினு வா" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினான்.

ராணிக்கு ஒத்துக்கொண்டது கைலாசத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அது தை மாதம். பனிக்காலம் வந்தால் அவன் முகம் வறண்டு, வெள்ளை வெள்ளையாகச் செதில் விடும். பூசியபோது நன்றாகத்தான் இருந்தது. காய்ந்ததும் ஒவ்வொரு செதிலும் தன் பங்குக்குக் கொஞ்சம் பான்கேக்கைப் பிடித்துக்கொண்டு தனித்தனியாக எழுந்து நின்றது. கண்ணோரச் சுருக்கத்தில் கோடு கோடாகப் போய் உட்கார்ந்தது. முன்பு கருப்பாக இருந்த இடம் இப்போது கருப்பும் மாவுமாக இருந்தது.

"குடிகாரன் மாதிரி இருந்தே. இப்ப மாவு மிஷின்ல வேல செய்யற குடிகாரன் மாதிரி இருக்கறே" என்றாள் கலாவதி.

இந்த இடத்தில்தான் கைலாசத்துக்கு நெசவாளி மூளை வேலை செய்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் பிசிறு எழும்பினால் என்ன செய்கிறோம்? கஞ்சி போடுகிறோம். கஞ்சி பட்டதும் பிசிறெல்லாம் அமுங்கி இழை வழவழவென்று ஆகிவிடுகிறது. முகத்தில் எழும்புவதும் ஒரு வகைப் பிசிறுதானே. அக்கா தன் வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பாவுக்குக் காய்ச்சி வைத்திருந்த அரிசிக் கஞ்சியில் இரண்டு விரல் எடுத்துக் கண்ணுக்குக் கீழே தடவிக்கொண்டு, தெருவில் பாவு காய்வது போலவே வெயிலைப் பார்த்து நின்றான். அதன்மேல் பான்கேக்கைப் பூசினான். கண்ணாடியைப் பார்த்தவனுக்குத் தன் புத்தியை நினைத்துக் கர்வமே வந்துவிட்டது. கருப்பும் இல்லை, செதிலும் இல்லை. பளிங்கு மாதிரி இருந்தது. ஒரே ஒரு குறை, முகத்தை அசைக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து அவன் அப்பா சபாபதி உள்ளே வந்தார்.

"சாப்டியாடா?"

சாப்பிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். கன்னம் அசைந்ததும் மேலே எல்லாம் விரிசல் விட்டது. ஒரு துண்டு உடைந்து வேட்டியில் விழுந்தது. சபாபதி அதைக் குனிந்து பார்த்தார், மகனையும் பார்த்தார்.

"பொங்கலுக்கு செவுத்துக்கு சுண்ணாம்பு அடிக்கச் சொன்னா அடிக்கல. இப்ப மூஞ்சிக்கு அடிச்சிக்கினியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

திரும்பி வந்த கலாவதி விஷயத்தைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, வறண்ட தோலுக்கு எண்ணெய்தான் வேண்டும் என்றாள். கைலாசம் தேங்காயெண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொண்டு மேலே பூசினான். இந்தத் தடவை வெடிக்கவில்லை, வழுக்கியது. கருப்பு கண்ணுக்குக் கீழேயே இருக்க, பூச்சு மட்டும் கிளம்பித் தாடைக்குப் போய்விட்டது. அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. விடிந்தால் வெள்ளிக்கிழமை.

தம்பியின் முகத்தைப் பார்த்துக் கலாவதி சிரிப்பை நிறுத்தினாள். அவனை ஜன்னலோரம் உட்கார வைத்து, வெந்நீரில் நனைத்த துணியால் செதில்களை மெல்லத் துடைத்தெடுத்தாள். ஒரே ஒரு சொட்டு எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துக் கண்ணுக்குக் கீழே ஒற்றினாள். தோல் அதைக் குடிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டாள். மினுங்கின மிச்சத்தைத் துணியால் ஒற்றியெடுத்தாள். அப்புறம் அரிசியளவு பான்கேக்கை ஈரமாகத் தொட்டு, மோதிர விரலில் வைத்துச் சூடு பண்ணி, கருப்பு இருந்த இடத்தில் மட்டும் தட்டித் தட்டி வைத்தாள்.

"தேய்க்கக் கூடாது போலருக்குது. தட்டினா ஒக்காந்துக்குது" என்றாள், அவளுக்கே ஆச்சரியமாக.

கண்ணாடியில் ஒரு புது ஆள் இருந்தான். நன்றாகத் தூங்கி எழுந்த, கவலையே இல்லாத, கொஞ்சம் அசட்டுத்தனமான ஆள். மறுநாள் காலையிலும் அதே மாதிரி போட்டுவிட்டு, சிரிக்காதே, வேர்க்கவிடாதே, கண்ணைத் தொடாதே என்று கலாவதி கட்டளை போட்டாள். கைலாசம் கோயில் தூணில் செதுக்கின துவாரபாலகர் போல நாற்காலியில் உட்கார்ந்தான்.

மாணிக்கவாசகம் மூத்த பெண் தையல்நாயகியை அழைத்துக்கொண்டு வந்தார். உள்ளே வந்ததும் மாப்பிள்ளையின் கண்ணைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகம் தெளிந்ததைக் கண்டு கலாவதி சமையலறையில் மூச்சு விட்டாள்.

"தறியில கொஞ்சம் ஒக்காருங்க மாப்ள" என்றார் அவர்.

மூத்த மாப்பிள்ளையிடம் பட்ட பாட்டில் அவர் கற்றுக்கொண்ட சோதனை அது. குடிக்கிறவன் கை பட்டிழையைப் பிடிக்காது, நடுங்கும். கைலாசம் தறிக் குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்ததும், அவர் குனிந்து பாவில் ஒரு இழையை நகத்தால் அறுத்துவிட்டார்.

"போடுங்க, பாக்கலாம்."

இது கைலாசத்தின் ராஜ்ஜியம். அறுந்த முனையை, பாவிழைகளைத் தூக்கி இறக்கும் விழுதுக்குள் தேடினான், எடுத்தான், வழுக்காமலிருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்கினான். விரல் இம்மியும் ஆடவில்லை. இழை சேர்ந்த இடம் தெரியவில்லை. மாணிக்கவாசகமே அடடா என்று சொல்லிவிட்டார். ஆனால் இழை தேடினால் கைலாசத்துக்குக் கண்ணில் நீர் கோக்கும். நீர் கோத்தால் சாம்பல் படாத புறங்கையால் இடது கண்ணை அழுத்தித் துடைப்பான். சின்ன வயசிலிருந்து வந்த பழக்கம். அதை அவன் செய்வது அவனுக்கே தெரியாது. துடைத்துவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்து பார்த்தான்.

மாணிக்கவாசகம் இடது கண்ணைப் பார்த்தார். வலது கண்ணைப் பார்த்தார். மறுபடியும் இடது கண்ணைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, ஒரு கண்ணு மட்டும் குடிக்குதா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்காகச் சொல்லவும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேல சுத்தமாத்தான் இருக்குது. ஆனா இன்னிக்கி கண்ண மறைக்கறவரு நாளைக்கி பாட்டில மறைப்பாரு. நான் ஒரு தபா ஏமாந்தது போதும்பா" என்று சபாபதியிடம் சொன்னார்.

கைலாசம் தறிக் குழியிலிருந்து ஏறி வந்து, வேட்டி முனையால் மற்றக் கண்ணையும் துடைத்தான். துடைத்துவிட்டு நேராக நின்றான். அவன் வாழ்நாளில் பெரியவர்கள் முன்னால் அவ்வளவு பேசியதே இல்லை.

"இது எங்கம்மா கண்ணுங்க. நான் குடிக்கிறதில்ல. வடிவ கட்டிக்கணும்னு எனக்கு ரொம்ப ஆச. கண்ணப் பாத்துட்டு எழுந்து போயிடுவீங்கன்னு பயந்துக்கினுதான் பூசிக்கினேன். தப்புதாங்க."

மாணிக்கவாசகம் வாசல்வரை போய்ச் செருப்பும் போட்டுக்கொண்டுவிட்டார். பாயில் உட்கார்ந்திருந்த தையல்நாயகி எழுந்திருக்கவில்லை.

"அப்பா, எங்க வூட்டுக்காரரு ஒரு நாளாவது எதயாவது மறைச்சாரா?" என்று கேட்டாள். "பட்டப்பகல்ல தெருவுல விழுந்து கெடப்பாரு. நாலு பேரு பாப்பாங்களே, பொண்டாட்டிக்கு தலகுனிவாச்சேன்னு ஒரு நாளும் பயந்ததில்ல. இவரு பயந்துக்கினு மூஞ்சியெல்லாம் பூசிக்கினு ஒக்காந்திருக்காரு. வடிவுக்காக பயந்திருக்காரு. எனக்காக யாரும் அப்படி பயந்ததில்லப்பா."

மாணிக்கவாசகம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றதால் அவர் முகம் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்து, கல்யாணத்தைப் பங்குனிக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று சபாபதியிடம் கேட்டார். கேட்டதும் கலாவதி அடுப்படிக்கு ஓடினாள். கைலாசம் மட்டும் எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அசடு வழியத் தறிப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

தையல்நாயகி அங்கே வந்தாள். அப்பாவுக்குக் கேட்காத குரலில், "அந்த டப்பா இன்னும் இருக்குதா?" என்றாள்.

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து அவன் அசட்டுச் சிரிப்பு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அவள் கண்ணுக்குக் கீழே தன்னுடையதைவிட அதிகமாகக் கருத்திருப்பதைக் கைலாசம் அப்போதுதான் பார்த்தான். அது யாருடைய அம்மாவிடமிருந்தும் வந்ததில்லை என்று அவனுக்குப் புரிந்தது.

"கல்யாணத்துல வடிவு பக்கத்துல நான்தான் நிக்கணும். எல்லாரும் என்னத்தான் பாத்து கிசுகிசுன்னு பேசுவாங்க. எனக்கும் தோலு வறண்டுதான் கெடக்குது. திட்டுத்திட்டா ஆவாம எப்படிப் போடறதுன்னு சொல்லுங்க."

கைலாசம் சொன்னான். வெந்நீர்த் துணியால் துடைக்க வேண்டும், ஒரே சொட்டு எண்ணெய், அது இறங்குகிறவரை பொறுத்திருக்க வேண்டும், அப்புறம் அரிசியளவு எடுத்துத் தேய்க்காமல் தட்ட வேண்டும். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டு, மோதிர விரலால் கண்ணுக்குக் கீழே ஒன்றுமில்லாமலே தட்டிப் பார்த்தாள்.

"அழுதா போயிடுமா?"

"போயிடுங்க."

"அப்ப அன்னிக்கி ஒரு நாளு அழாம இருந்துக்கறேன்" என்றாள் தையல்நாயகி.