வாசிக்கத்தான் லாயக்கு

மாமாவிடம் இருந்தது தொண்ணூறு வயது கிட்டார். கோஷ்டியாக வாசிக்கும்போது கிட்டார் சத்தம் எடுபடவில்லை என்று, உடம்பைப் பெரிதாக்கிச் செய்த தலைமுறையைச் சேர்ந்தது. சபை முழுக்கக் கேட்க வேண்டும் என்று பிறந்ததை மாமா பதினொரு வருடமாக யாரையும் தொடவிடவில்லை. வாசித்தால் தேய்ந்துவிடுமாம். அவருக்கு வாசிக்கவும் தெரியாது. அதன் அறையில் ஈரப்பதம் காட்டும் கருவி உண்டு. அத்தை படுக்கும் அறையில் மின்விசிறியே ஓடாது.

அக்காவுக்கு வெள்ளிக்கிழமை இசைக் கல்லூரியில் நுழைவுத் தேர்வு. திங்கட்கிழமை அவளுடைய கிட்டாரில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. பசை காய ஒரு வாரமாகும் என்றார் ரிப்பேர்காரர். அக்கா மாமாவிடம் போய் நின்றாள். கிட்னி கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் யோசித்திருப்பார்.

"புதன்கிழமை மதிப்பீட்டாளர் வர்றார். எல்லாம் அசல்னு சான்றிதழ் குடுக்கப் போறார். இந்த நேரத்துல உன் கைரேகை வேற வேணுமா?"

"சான்றிதழ் வந்ததும் அதையா மாமா வாசிக்கப் போறீங்க?"

மாமா கதவைச் சாத்தினார்.

புதன்கிழமை வந்த மதிப்பீட்டாளர், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியைக் கிட்டாரின் வயிற்றுக்குள் விட்டுப் பார்த்தார். முகர்ந்தார். பலகை அசல், பசை அசல், மெருகு அசல் என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர், கம்பியை முறுக்கும் சாவிகளுக்கு வந்ததும் நின்றுவிட்டார். மாற்றினீர்களா என்று கேட்டார்.

மாமா பெருமையாகத்தான் ஒப்புக்கொண்டார். முன்பிருந்த சாவிகள் பார்ப்பதற்குப் புதுசு போல இருந்தனவாம். இவ்வளவு பழைய கிட்டாருக்கு அது மரியாதையா? மூன்று வருடம் அலைந்து, அதே கம்பெனியின் இன்னும் பழைய சாவிகளைப் பிடித்தாராம். திருகாணி பொருந்தாததால் புதிதாகத் துளை போட்டாராம். முந்தைய சாவிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

கிட்டார் பிறப்பதற்கு ஏழு வருடம் முன்பு செய்த சாவிகள் இவை, இரும்புக் கடைக்குப் போனவைதான் அசல் என்றார் மதிப்பீட்டாளர். பிறகு, ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டரின் குரலில் சொன்னார்:

"தப்பா நினைக்காதீங்க சார். இது இனிமே வாசிக்கத்தான் லாயக்கு."

மாமா உட்கார்ந்தார். அத்தை தண்ணீர் கொண்டுவந்தாள். மதிப்பீட்டாளர் ஆறுதலாக, சாவிகள் மட்டும் ரொம்ப அபூர்வம், வேண்டுமானால் அவற்றுக்குச் சான்றிதழ் தரலாம் என்றார். மாமாவுக்கு உயிர் வந்தது.

வியாழக்கிழமை காலை, எங்கள் வீட்டு வாசலில் நின்று கிட்டாரை அக்காவிடம் நீட்டினார். அதன் தலையில் ஒரு சாவிகூட இல்லை.

"வச்சுக்கோ. என் காதுல விழாம வாசி."

"சாவி இல்லாம எப்படி மாமா சுருதி சேர்க்கிறது?"

"அது உன் பாடு. சாவி சேகரிப்புல சேர்ந்தாச்சு."

அக்கா கடைத்தெருவில் சாதாரணச் சாவி ஆறு வாங்கி மாட்டினாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு இடம் கிடைத்தது. அவள் வாசிப்பதைக் கேட்க மாமா வரவில்லை. சாவிகளை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர முடியாதாம்.